முதல் பால்

வடிவு விளையாட்டுக்குத்தான் சொன்னாள். கொழுந்தியாள் அத்தானிடம் விளையாடாமல் வேறு யாரிடம் போய் விளையாடுவாள் என்று பிறவிப்பெருமாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இரண்டாவது தேங்காயைக் கையில் எடுத்து நடுவில் ஓடும் வரியைப் பெருவிரலால் தேடினார். அந்த வரியில் அடித்தால் சரிபாதியாகப் பிளக்கும். தப்பி அடித்தால் ஒரு மூடி பெரிதாகவும் ஒரு மூடி சில்லுச் சில்லாகவும் போய், துருவும்போது கையைக் கிழிக்கும். "அக்கா போன எடுக்க மாட்டேங்கா, எங்க அத்தான்?" என்றுதான் ஆரம்பித்தாள். "கோயிலுக்குப் போயிருக்கா. பொறந்தநாளுக்கு அர்ச்சனை. தாரிணியும் மாப்பிள்ளையும் கூடப் போயிருக்காவ." "நீங்க போவலியா?" "நான் சமைக்கேம்லா." "என்ன சமையல்?" "சொதி." விருந்துக்கு அவள் வந்துகொண்டிருந்த பேருந்தின் இரைச்சலுக்கு மேலே அவள் சிரிப்பு கேட்டது. "சொதியா! யாருக்கு அத்தான் மறுவீடு?" கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பை அறுபது வயதுப் பெண்டாட்டிக்குப் புருஷன் வைக்கிறான் என்றால் சிரிக்கத்தான் செய்வாள். அவரும் சேர்ந்து சிரித்தார். அதோடு வைத்திருக்கலாம். "சரி, ஆசையா வையுங்க. இன்னும் எத்தன நாளைக்கு? ஒண்ணாந்தேதி வந்தா அக்காவோட சேத்து உங்களுக்கும்லா ரிட்டயர்மெண்ட்!" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதற்கும் சிரித்தார். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கழற்றிவைக்க மறந்துபோன மூக்குக்கண்ணாடி மாதிரி. உங்களுக்கும்லா ரிட்டயர்மெண்ட். தேங்காய் உடைந்தது. வரி தப்பியிருந்தது.

பரவாயில்லை, துருவிவிடலாம். அவர் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு முழங்கால் டொக் என்றது. ஓய்வு பெற்றபோது எல்லோரும் அவருக்காகத்தான் கவலைப்பட்டார்கள். முப்பத்துநாலு வருஷம் மின்வாரியத்தில் வெயிலிலும் மழையிலும் அலைந்த லைன் இன்ஸ்பெக்டர், சும்மா வீட்டில் எப்படி இருப்பார், பித்துப் பிடித்துவிடும், ஏதாவது கடை கிடை வைத்துக் கொடுங்கள் என்றார்கள். அவருக்குப் பித்துப் பிடிக்கவில்லை. முதல் மழை பெய்த இரவு, பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்து போன் அடிக்கக் காத்திருந்தார். அடிக்கவில்லை. எந்தத் தெருவில் கம்பி அறுந்தாலும், எந்த டிரான்ஸ்பார்மரில் பீஸ் போனாலும் அது இனி வேறொருவர் தலைவலி என்று உறைத்ததும் திரும்பப் படுத்து, மழையை ஒரு சத்தமாக மட்டும் கேட்டார். மழைக்கு அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் காலைகள். பெண்டாட்டி ஆவுடை ஸ்கூட்டரை வெளியே தள்ளி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ சொல்லி, அது என்னவென்று புரியாமலே அவர் தலையாட்டி, ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் திரும்பி அடங்கும் அந்த நொடி. வீடு மெதுவாக அவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அரிசி டிரம்மில் முதுகைச் சாய்த்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கீரை ஆய்வார். ரேடியோவைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில் வைப்பார். பதினோரு மணி வாக்கில், கொஞ்சூண்டு பாலில், யாருக்கும் தெரியாமல், சீனி போட்டு ஒரு காப்பி. ஜன்னலோரம் நின்று, கம்பியைத் தொடப்போகும் முருங்கைக் கிளையைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். வெட்டவேண்டிய கிளைதான். ஆனால் அது இனி அவர் வேலையில்லை. அந்தக் காப்பி ருசிப்பது சீனியினாலா, அந்தக் கிளையை வெட்டச் சொல்ல வேண்டாம் என்பதாலா என்று பல நாள் யோசித்திருக்கிறார். டாக்டர் சீனியை விடச் சொல்லி ஒரு வருஷமாகிறது. ஆவுடை டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டாள். மேல்தட்டு எட்டாத உயரமா என்ன. கம்பத்தில் ஏறின ஆள். ஒண்ணாந்தேதியிலிருந்து பதினோரு மணிக்கு அவள் எங்கே இருப்பாள்? ஹாலில் இருப்பாள். ஹாலிலிருந்து அடுக்களைக்கு எத்தனை தூரம். காப்பிப்பொடி வாசனைக்குக் கதவா தாழ்ப்பாளா. 'என்ன செய்தீய அங்க?' என்று ஒரு குரல் வரும். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். சொந்த வீட்டில், இந்த வயதில்.

துருவிய பூவை மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று, துணியில் பிழிந்தால் முதல் பால். சக்கையில் தண்ணீர் விட்டு மறுபடி ஒரு சுற்று, அது இரண்டாம் பால். மூன்றாவது வெறும் வெள்ளைத் தண்ணீர்தான், அதில்தான் காய் வேகவேண்டும். கேரட், பீன்ஸ், உருளை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், முழுப் பூண்டு. காய் வெந்தபின் இரண்டாம் பால், பருப்பு, கடைசியில் அடுப்பை அணைக்கப்போகும்போது முதல் பால். இந்த வரிசை மாறக்கூடாது. முதல் பால் கொதிபட்டால் திரிந்துபோகும். முதல் பாலை ஒரு தூக்கிலும் இரண்டாம் பாலை இன்னொரு தூக்கிலும் ஊற்றி மேடையில் வைத்தார். வரிசை மாறக்கூடாது என்பது அவருக்குப் புதிதா? கம்பி வேலை முழுக்க அதுதானே. எல்.சி. வாங்காமல் கம்பியில் கை வைக்கக்கூடாது. லைன் கிளியர். துணைமின் நிலையத்துக்குப் பேசி, இந்த லைனை நிறுத்துங்கள் என்று கேட்டு, நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் சொன்னபின்தான் ஏணியைச் சாய்க்க வேண்டும். வேலை முடிந்ததும் யார் வாங்கினாரோ அவரேதான் எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அண்ணன் தம்பி என்றாலும் வேறொருவர் கொடுக்கமுடியாது. அவ்வளவும் முடிந்தபிறகும் மேலே போய் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால், ஒருவேளை கம்பியில் கரண்ட் உயிரோடு இருந்தால், கை கம்பியை இறுக்கிக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிவிடும்.   இந்த அடுக்களைக்கு அவர் எப்போது எல்.சி. வாங்கினார்? வாங்கவில்லை. அதுதான் உண்மை. ஓய்வு பெற்ற மறுவாரம் ஆவுடை அலுவலகத்தில் தணிக்கை. தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தாள். "நீ கெளம்பு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவள் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். தணிக்கை ஒரு வாரத்தில் முடிந்தது. கரண்டி திரும்பப் போகவில்லை. அவளும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. கேட்காத பொருள் கேட்காமலே இருந்துவிடும் என்று இரண்டு வருஷம் இருந்துவிட்டார். பிறந்த மாதத்தின் கடைசி நாளன்று அரசாங்கம் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும் என்பது தெரியாதா. போன வருஷம் இந்தப் பிறந்தநாளுக்கும் அவர்தான் சமைத்தார். அப்போது இது வெறும் பிறந்தநாளாக இருந்தது.

காய் கொதிக்கத் தொடங்கியது. மூடியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதற்காகத் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டார். மந்திரமூர்த்தி ஞாபகம் வந்தது. கூட வேலை பார்த்தவன். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றார்கள். ஆறு மாதத்தில் வீட்டில் இரண்டு டிவி. இவன் மாடியில், அவள் கீழே. சாப்பாடு ஆனதும் கீழிருந்து அவள் டம்ளரால் குழாயைத் தட்டுவாள், இவன் இறங்கி வருவான். "நல்ல சிஸ்டம்டே, சண்ட கெடையாது" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கேட்டவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தட்டுகிற சத்தம் ஒருநாள் கேட்காவிட்டால் இவன் என்ன செய்வான், பசியோடு உட்கார்ந்திருப்பானா, அல்லது இறங்கிவரப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பானா? இந்த நினைப்பு எங்கே போகிறது. நல்ல நாளும் அதுவுமாக. இஞ்சித் துவையலுக்கு இஞ்சி வதக்கவேண்டும். அப்பளம் பொரிக்க வேண்டும். ஆவுடை கெட்டவளா? ஒருநாளும் இல்லை. அலுவலகத்தில் அவள் கண்காணிப்பாளர். பதினெட்டுப் பேர் அவள் முகம் பார்த்துக் கோப்புகளை நீட்டுகிறார்கள். அந்தக் கண் வீட்டுக்கு வந்தால் எங்கே பார்க்கும்? இந்த டப்பாக்களைப் பார்க்கும். அவள் உயரப்படி அடுக்கி வைத்திருந்தாள், பெரியது பின்னால் சின்னது முன்னால், பார்க்க அழகாக. அவர் அதைக் கலைத்து, அடிக்கடி எடுப்பது கைக்கு, எப்போதாவது எடுப்பது மேலே என்று மாற்றினார். கடுகும் உளுந்தும் கையை நீட்டினால் வரும், இருட்டில்கூட வரும். அந்த ஒழுங்கு வெளியே தெரியாது. பார்க்கிறவர்களுக்குக் குப்பை. 'இது ஏன் இங்கன இருக்கு?' என்று அவள் கேட்பாள். அவரிடம் காரணம் இருக்கிறது, ஆனால் காரணம் சொல்ல ஆரம்பித்தாலே அது அவருடைய அடுக்களை இல்லை என்றாகிவிடும். இன்று காலையில் குளித்துவிட்டு, அரக்குப் பட்டுப்புடவையில், தலையில் துண்டோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "தேங்கா திருவித் தரட்டா?" என்றாள். "நீ கோயிலுக்குக் கெளம்பு, நேரமாச்சு" என்றார். நேரம் ஆகவில்லை. அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள். துண்டை அவிழ்த்து உதறினாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் காலை வைக்கவே இல்லை. ஏன் வைக்கவில்லை? வைத்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? பிறந்தநாளும் அதுவுமாகப் பெண்டாட்டியை விரட்டிவிட்டு அவளுக்கே விருந்து சமைக்கிற ஆள் இந்தப் பாளையங்கோட்டையில் வேறு யாராவது இருப்பார்களா?

பதினோரு மணிக் காப்பியை இன்று விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கை தானாக மேல்தட்டுக்குப் போனது. இன்னும் சில நாள்தானே என்று கை நினைத்திருக்க வேண்டும். ஒன்றரை ஸ்பூன் சீனி. ஜன்னலில் முருங்கைக் கிளை காற்றுக்குக் கம்பியைத் தொட்டு விலகியது, தொட்டு விலகியது. யார் இந்த ஏரியா லைன்மேன்? பார்க்கவேண்டாமா? சொல்லலாமா? வேண்டாம். ஒண்ணாந்தேதி காலை. ஸ்கூட்டர் போகாது. அவர் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்தால், 'ஏன் தரையில உக்காந்திருக்கிய, நாற்காலி இல்லியா' என்பாள். நாற்காலி இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் அரிசி டிரம்மின் குளிர்ச்சி முதுகுக்கு வராது என்பதை எப்படிச் சொல்வது? கேட்கிறவள் சிரிக்கமாட்டாள், 'சரி' என்பாள். அந்தச் 'சரி'யை நினைத்தால்தான் பயமாயிருக்கிறது. போன் அடித்தது. தாரிணி. "அப்பா, அர்ச்சனை முடிஞ்சிட்டு. அம்மா பொறப்படுங்கா, வெளிப்பிராகாரம் சுத்த மாட்டேங்கா. என்ன அவசரம்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா." "சரிம்மா, வாங்க" என்றார். என்ன அவசரம்? பிராகாரம் சுற்றாமல் அவள் வந்ததே கிடையாது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கியபடி டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்து, காய் வெந்துவிட்டதா என்று உருளையைக் கரண்டியால் குத்தி, வெந்திருந்தது, தூக்கைத் திறந்து ஊற்றி, தீயைக் கூட்டி, இஞ்சியை நறுக்கத் திரும்பினார். பின்னால் சட்டி கொதித்தது. கொதிக்கிற சத்தத்தில் ஒரு கனம் இருந்தது. இரண்டாம் பால் கொதிப்பது சலசலவென்றிருக்கும். இது தடக் தடக் என்று, களி கிண்டுவது மாதிரி. முதுகுக்குத்தான் முதலில் தெரிந்தது.  திரும்பிப் பார்த்தார். மேலே எண்ணெய் மிதக்க, கீழே வெள்ளைத் திப்பி திப்பியாக, உடைந்த மோர் மாதிரிச் சுழன்றுகொண்டிருந்தது. மேடையில் இன்னொரு தூக்கு மூடியோடு இருந்தது. திறந்தார். தண்ணியாக, இரண்டாம் பால்.

அடுப்பை அணைத்துவிட்டு நின்றார். கரண்டியால் கிளறினார், கிளறக் கிளறத் திப்பி இன்னும் பொடியாயிற்று. கொட்டிவிடலாமா? கொட்டிவிட்டு? சாம்பார் வைக்க நேரமிருக்கிறதா? வடிவு வந்துவிடுவாள், வடிவு சிரிப்பாள், அதுவல்ல, வடிவு சிரித்துவிட்டுப் போகட்டும், ஆவுடை ஒன்றும் சொல்லமாட்டாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, 'நவுருங்க' என்பாள். அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஒரே சொல்லில் முடிந்துவிடும். அதுவும் நியாயமாகவே முடியும். பால் வரிசை தெரியாத ஆளிடம் அடுக்களையை விட்டுவைக்க யாருக்கு மனசு வரும்? வெளியே கேட் திறந்தது. தாரிணியும் மாப்பிள்ளையும் கேக் வாங்கப் போய்விட்டார்கள் போல, ஒரே ஒரு ஜோடிச் செருப்புச் சத்தம்தான். அவள் நேராக வந்தாள். நெற்றியில் குங்குமம், கையில் அர்ச்சனைத் தட்டு. நிலைப்படியில் நின்று சட்டியைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் திட்டில் அரைகுறையாய் இருந்த காப்பி டம்ளரைப் பார்த்தாள். மேல்தட்டில் மூடாமலிருந்த சீனி டப்பாவைப் பார்த்தாள்.  டம்ளரைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. "முதல் பால ஊத்திட்டியளோ?" என்றாள். அவர் தலையாட்டினார். "தேங்கா இருக்கா?" "ஒண்ணு கெடக்கு." "இருந்தா சரியாக்கிரலாம். ரெண்டாம் பால விட்டு, பருப்ப நல்லாக் கடைஞ்சு ஊத்துனா திரிஞ்சது தெரியாது. புதுசா முதல் பால் எடுத்து மேல விட்டுக்கிடலாம்." தட்டை ஹாலில் வைத்துவிட்டு வந்து, புடவையைச் செருகினாள். 'நவுருங்க' வரப்போகிறது என்று அவரே சுவரோரம் ஒதுங்கினார். அவள் உள்ளே வந்து, கீழ் அலமாரியைத் திறந்தாள். மூடினாள். பக்கத்து அலமாரியைத் திறந்தாள். மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து, நடு அடுக்களையில், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். பட்டுப்புடவையில், விருந்துக்கு வந்த வீட்டில் பாத்ரூம் எங்கே என்று கேட்கக் கூச்சப்படுகிறவள் மாதிரி நின்றாள். "அரிவாமணைய எங்க வச்சிருக்கிய?" என்றாள்.

 கதவுக்குப் பின்னால் இருந்ததை அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் மணையில் உட்கார்ந்து, உடைத்த மூடியை வாங்கித் துருவ ஆரம்பித்தாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள். "பிராகாரம் சுத்தப் புடிக்கல. சன்னதியில கண்ண மூடி நிக்கும்போது இதான் ஓடுது. ஒண்ணாந்தேதி காலையில ஒம்போது மணிக்கு நான் எங்க உக்காருவேன்? ஆபீஸுக்கு மாத்தலாகி வந்தவளுக்குக்கூட ஒரு மேசையக் காட்டுவாவ. இங்க எல்லாம் உங்க எடம். ஹால்ல உக்காந்தா நீங்க சட்டிய உருட்டுத சத்தம்தான் கேக்கும். நான் வந்து நின்னா, காலையில சொன்னியள்லா, நேரமாச்சுன்னு, அப்படிச் சொல்லுவிய." இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். எது இல்லை? எல்லாம் அவள் சொன்ன மாதிரித்தான் இருந்தது. ஒரே தேதியைப் பார்த்து ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள், மந்திரமூர்த்தியின் மாடியும் கீழ்வீடும் போல, நடுவில் தட்டுவதற்கு ஒரு குழாய்கூட இல்லாமல். அவள் ஓட்டோடு ஒட்டத் துருவினாள். வெள்ளைப் பூவில் தவிட்டு நிறம் விழுந்தது. இப்போது நிறுத்தவேண்டும், பாலில் இறங்கிவிடும், சொதி வெளுப்பாக வராது என்று அவர் விரல்கள் துடித்தன. "போதுமா?" என்றாள். "போதும்" என்றார். அவள் பிழிந்த பால் லேசாகப் பழுப்பேறியிருந்தது. அவர் அடுப்பைப் பற்றவைத்து, இரண்டாம் பாலை விட்டு, பருப்பைக் கடைந்து ஊற்றினார். கரண்டியை எடுக்க இரண்டு பேரும் ஒரே சமயம் திரும்பி முழங்கை இடித்துக்கொண்டார்கள். அவர் இடது பக்கம் ஒதுங்க அவளும் இடது பக்கம் ஒதுங்கினாள். அவர் வலது பக்கம் வர அவளும் வந்தாள். "என்னங்க, ஒரு பக்கமா நில்லுங்களேன்." அவர் கரண்டியை அவள் கையில் வைத்தார். வைத்தபிறகும் ஒரு நொடி தன் கையை எடுக்கவில்லை. பிறகு அவள் தோளைத் தொட்டு, அடுப்புக்கு நேராக, தான் நிற்கிற இடத்தில் அவளை நிறுத்தி, "நீ இங்கன நில்லு" என்றார். தான் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்றார். அங்கிருந்து பார்க்க அடுப்பு வேறு மாதிரி இருந்தது. சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. எட்டிப் பார்த்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்று, வடிவு சில்லறைக்கு வாதாடுகிற சத்தம் கேட்டது. ஆவுடை அடுப்பை அணைத்து முதல் பாலை விட்டுக் கிளறினாள், பின் திரும்பாமலே ஒரு கையை அவர் பக்கமாகப் பின்னால் நீட்டினாள். அவர் எலுமிச்சம்பழத்தை வெட்டி ஒரு மூடியை அந்த உள்ளங்கையில் வைத்தார். பொறுக்கவில்லை.

"வெத விழாமப் பிழி."

"எனக்குத் தெரியும். நீங்க அங்கனயே நில்லுங்க."